வெறும் வயிறு

ஊரில் பாதிப் பேருக்குக் கிட்னி மாற்றிவைத்தவன் நான். அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிவேன். பாதி என்பது கொஞ்சம் ஓவர்தான். என் மனைவிக்கே இரண்டும் பழுதாகி, என்னுடையது பொருந்தும் என்று ரிப்போர்ட் வந்தபோதும், “அதுக்கென்ன, ஒண்ணை எடுத்துக்கோ” என்றேன், ஏதோ குடையைக் கடன் கொடுப்பதுபோல. டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திக் கை வீங்கியிருந்தவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஆபரேஷன் செய்யப்போவது என்னிடம் வேலை கற்றவன். “ராத்திரிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது சார்” என்று எனக்கே வகுப்பெடுத்தான். முறைத்து அனுப்பினேன்.

காலையில் வார்டில் நோயாளியாகப் படுத்துக்கிடக்க மானம் இடம்கொடுக்கவில்லை. கூப்பிடும்வரை என் அறையில் உட்கார்ந்து வேறு யாருடைய ஸ்கேனையோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் நாளென்றால் என் மேஜைக்குத் தானாகக் காபி வந்துவிடும். வந்தது. குடித்தேன். பிஸ்கட்டையும் நனைத்துத் தின்றேன்.

தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டரம்மா சம்பிரதாயத்துக்குக் கேட்டார். “ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?”

“சேச்சே, காபி மட்டும்தான்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. வயிற்றில் பாலும் பிஸ்கட்டும் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். இதை ஆயிரம் பேரிடம் சொல்லி மிரட்டியவன் நான்.

ஆபரேஷன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. தயாராகப் படுத்திருந்தவளை மறுபடி டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதுகுப்பக்கம் திறந்த அங்கியை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நர்சுகளெல்லாம் மரியாதையாகச் சுவரைப் பார்த்தார்கள்.

“பழக்க தோஷம்மா.”

“பழக்கமா, பயமா?”

மாட்டிக்கொண்டேன். “பயம்தான். கத்தின்னா எனக்கு உதறுது.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன? எனக்கு மட்டும் தைரியமா? உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா வெறும் கிட்னிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்று அழுதாள். நானும் அழுதேன். அங்கி அவிழ்ந்தது.

அடுத்த வாரம், நோயாளி கட்டிலில் மாட்டும் ‘வாய்வழியாக எதுவும் தரக்கூடாது’ பலகையை என் அறைக் கதவில் மாட்டச் சொல்லியிருந்தாள். அட்டெண்டர் சிரிக்காமல் மாட்டினார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது விலாவை யாரோ அறுப்பதுபோல் இருந்தது. ‘சின்ன வலிதான்’ என்று எல்லா டோனரிடமும் புளுகியிருக்கிறேனே, பாவி!

“அவளுக்கு எப்படி இருக்கு? யூரின் வந்துச்சா?”

“முதல்ல நீங்க படுங்க சார்” என்றான் என் சிஷ்யன். என்னுடைய வசனம். இதே கேள்வியைக் கேட்ட ஒவ்வொரு டோனரிடமும் நான் அதைத்தான் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். வைத்த கிட்னி ஒரு சொட்டு யூரின்கூட விடாமல் கல்லாகக் கிடந்ததையும் பார்த்தவன் நான். போகிறவன் வருகிறவனையெல்லாம் கேட்டேன். எல்லோரும் படுக்கச் சொன்னார்கள்.

சாயங்காலம் அவள் அறையிலிருந்து நர்ஸ் வந்தாள்.

“மேடம் முழிச்சுட்டாங்க சார். யூரின் பை ரொம்பிக்கிட்டே இருக்கு.” கொஞ்சம் தயங்கினாள். “அதுல காபி வாசனை அடிக்குதாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”

சிரித்ததில் தையல் சுரீரென்று இழுத்தது. அழுகையும் வந்தது. நர்ஸ் என்னைப் படுக்கச் சொன்னாள்.