இரவல் கண்ணில் ஓடிய ஜீப்னி

“என்ன மாரே, திடீர்னு புனிதவதி ஆயிட்டியா? ஊர்ல பாதிப் பேருக்கு நீதான் லைசன்ஸ் புதுப்பிச்சுக் குடுத்த. என் புருஷனுக்குன்னு வரும்போது மட்டும் கால் வலிக்குதா?”

“கால் நல்லாத்தான் இருக்கு. வர மாட்டேன்னு சொன்னேன்.”

“அதான் ஏன்னு கேக்குறேன். இந்த வாரத்தோட தேதி முடியுது. அப்புறம் வண்டிய என்ன செய்யச் சொல்ற, கோழி அடைக்கவா?”

“அடை. கோழி யாரையும் இடிக்காது.”

இந்த வார்த்தைக்குப் பிறகு எங்கள் தெருவில் ஜன்னல்கள் திறந்தன. அதுவரை மூடியிருந்தன என்று சொல்ல முடியாது; இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தன. தன் பெட்டிக்கடை வாசலில், வாழைப்பழம் பொரிக்கிற இடுக்கியைக் கையில் பிடித்தபடி ரோசிங் நின்றாள். எதிரே, மடக்கிய பெரிய குடையை ஊன்றிக்கொண்டு லூமிங். ரோசிங்கின் மகளுக்கு லூமிங் ஞானத்தாய். அந்த உறவில்தான் இருவரும் ‘மாரே’ போட்டுக்கொள்வது. ரோசிங்கின் புருஷன் டெல்ஃபின் பக்கத்தில் நின்ற, ஊருக்கு ஊர் ஆள் ஏற்றிப்போகும் தன் ஜீப்னியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது துடைத்துத் துடைத்து ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

லூமிங்கின் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். நகரத்தில் லைசன்ஸ் அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம் அந்தப் பெரிய குடையை விரித்து, கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள், படிவத்தைக் கண்டாலே வேர்ப்பவர்கள், முதலாளியிடம் அரைநாள் லீவு மட்டும் வாங்கியவர்கள், எல்லோருக்கும் அவள்தான் கதி. படிவம் நிரப்புவாள், நகல் எடுப்பாள், ஜன்னல் ஜன்னலாக அனுப்பி வைப்பாள். உள்ளே இருப்பவர்களுக்கு மதியத்துக்குச் சோறும் பொரித்த மீனும் யார் செலவில் போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் லூமிங்கின் உண்மையான மூலதனம் குடை அல்ல, கண். அடுத்த தெருக் கொடியில் காயும் சட்டையில் எத்தனை பட்டன் இல்லை என்று தன் வாசலில் இருந்தே சொல்லிவிடுவாள். லைசன்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். அலுவலகத்தை ஒட்டி ஒரு கிளினிக். சுவரில் எழுத்து அட்டை. பார்வை மங்கிய டிரைவர்கள் வெளியே சோடா குடித்துக்கொண்டிருக்க, லூமிங் உள்ளே போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிவரை மளமளவென்று படித்துவிட்டு வருவாள். சான்றில் பெயர் டெல்ஃபின் என்று இருக்கும், ஆண் என்று இருக்கும்; படித்தது பாவாடை கட்டிய லூமிங். எழுதிக் கொடுக்கும் ஆள் தலை நிமிர்ந்ததே இல்லை. நிமிர்ந்தால் பார்த்துவிட வேண்டியிருக்குமே.

“நல்லா கேட்டுக்கங்க,” என்று ரோசிங் ஜன்னல்களைப் பார்த்துச் சொன்னாள். “இவ ஒரு வருஷமாவே இப்படித்தான். பேயடிச்ச மாதிரி. துக்க வீட்டுக்குப் போய்ட்டு எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்கு வந்தவதானே. நெஸ்தோர் கூடவே வந்துட்டான்.”

இதில் பாதி உண்மை. சாவு வீட்டில் கண்விழித்துவிட்டு வருகிறவர்கள் நேரே வீடு திரும்பக் கூடாது. வழியில் ஒரு ரொட்டிக்கடையிலோ காப்பிக்கடையிலோ நின்று, செத்தவரை அங்கேயே உதறிவிட்டு வர வேண்டும். போன வருடம் நெஸ்தோர் செத்தபோது லூமிங் அதைச் செய்யவில்லை. மழை என்று அவள் சொன்னாள். மழை எல்லோருக்கும்தான் பெய்தது.

நெஸ்தோர் எங்கள் தெருவில் பலூத் விற்றவன். அந்திக்கு, வேகவைத்த வாத்து முட்டைகளைத் துணி சுற்றிய கூடையில் வைத்து, சைக்கிளின் முன்னால் ஒரு சின்ன விளக்கை மாட்டிக்கொண்டு, “பலூ…த்” என்று இழுத்துக் கூப்பிட்டபடி வருவான். தென்னந்தோப்பு வளைவில் டெல்ஃபினின் ஜீப்னி இடித்தது. முட்டைகள் ரோட்டில் ஆவி பறக்கக் கிடந்தன. சைக்கிள்காரன் திடீரென்று குறுக்கே வளைத்துவிட்டான் என்று டெல்ஃபின் சொன்னார். குடித்திருந்திருப்பான் என்று யாரோ சேர்த்தார்கள். இரண்டு குடும்பமும் பேசி முடித்துக்கொண்டார்கள். டெல்ஃபின் சவப்பெட்டியைத் தூக்கினார், அழுதார், மறுவாரம் வண்டி எடுத்தார்.

லூமிங் மட்டும் முடித்துக்கொள்ளவில்லை. அந்தி நேரத்தில் வீட்டின் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, சமையலறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். தெருவில் யார் எதை விற்றாலும் அவள் காதில் ‘பலூ…த்’ என்றே விழுந்தது. ஒரு முறை வேறொரு டிரைவருக்காகக் கிளினிக்கில் போய் நின்றாள். இடது கண்ணை மூடினாள். முதல் வரி படித்தாள், இரண்டாம் வரி படித்தாள். அதன் பிறகு அட்டையில் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி வரியில் எழுத்தே இல்லை. ஒரு சின்ன விளக்கு ஆடி ஆடி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் படிப்பதை நிறுத்தினாள். எழுதுகிறவர் நிமிராமலே, “விடுங்க அக்கா, நீங்க படிக்கலேன்னாலும் ரெண்டு கண்ணும் நல்லாருக்குன்னு போட்டுடுறேன்” என்றார். லூமிங் வெளியே வந்து சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து படிவம் மட்டும்தான். யாருக்காகவும் அந்தச் சுவர் முன்னால் நிற்பதில்லை.

தெரு இதைப் பேய் என்றது. ஏன் அவளை மட்டும் பேய் பிடித்தது என்று தெரு கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்கிற தெரு இது.

“பேயோ பிசாசோ,” என்றாள் லூமிங், “டெல்ஃபின் அண்ணன நல்ல கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. நானே கூட வரேன். அந்தச் சுவத்துகிட்ட மட்டும் என்னக் கூப்பிடாத.”

“டாக்டர்கிட்ட எதுக்கு? அவருக்கு என்ன கேடு?”

“உனக்குத் தெரியும்.”

“எனக்கு என்ன தெரியும்? சொல்லேன், எல்லாரும் கேக்கட்டும்.”

லூமிங் வாயைத் திறந்து, கடைப்பக்கம் பார்த்து, மூடிக்கொண்டாள். ரோசிங் பார்க்கவில்லை. கோபம் வந்தால் ரோசிங் எதையும் பார்ப்பதில்லை.

“போன தடவ எப்படிப் படிச்ச? அவரு வெளிய நின்னாரு, நீதானே உள்ள போய் அவருக்குப் பதிலா படிச்சே? அவருக்கு அந்திக்கு மேல ரோடு தெரியாதுன்னு அப்பவும்தான் உனக்குத் தெரியும். அப்பப் படிச்சவ இப்பப் படிக்க என்ன வந்துச்சு?”

எண்ணெய்ச் சட்டியில் வாழைப்பழம் கருகுகிற சத்தம் கேட்டது.

கடையின் கம்பியில் சரம் சரமாகத் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டுகளை விலக்கிக்கொண்டு மெடிங் வெளியே வந்தாள். நெஸ்தோரின் மனைவி. கையில் ஒரு வினிகர் பாட்டில். அடுத்த ஞாயிறோடு அவன் செத்து ஒரு வருடம் முடிகிறது. துக்கத்துக்கு உடுத்திய கறுப்பை இறக்கி, உறவுக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டும். அதற்கான வினிகர்.

அவள் ரோசிங்கைப் பார்க்கவில்லை, லூமிங்கையும் பார்க்கவில்லை. நேரே ஜீப்னியிடம் போனாள்.

“டெல்ஃபின் அண்ணே. அன்னிக்கி என்ன பாத்தீங்க?”

டெல்ஃபின் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“குறுக்க வளைச்சான்னு சொன்னீங்க. போலீஸ்ல சொன்னீங்க. என்கிட்டயும் சொன்னீங்க. வளைச்சத உங்க கண்ணால பாத்தீங்களா?”

“மெடிங், இவரு சொல்றதுக்கு என்ன இருக்கு, அதான் பேசி முடிச்சு…” என்று ரோசிங் இடுக்கியோடு குறுக்கே வந்தாள்.

“நீ சும்மா இரு ரோசிங்,” என்றார் டெல்ஃபின். அந்த வீட்டில் அந்த வாக்கியம் அதற்கு முன் சொல்லப்பட்டதாகத் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

அவர் மெடிங்கின் முகத்தைப் பார்த்துப் பேசினார். அந்தி இறங்கத் தொடங்கிய அந்த மங்கிய வெளிச்சத்தில் அவருக்கு முகம் தெரிந்திருக்குமா என்பது வேறு.

“ஒண்ணும் பாக்கல. வெளிச்சம் எறங்கிட்டா எனக்கு ரோடே தெரியாது. முன்னால போற வண்டியோட செவப்பு லைட்டப் பிடிச்சுக்கிட்டே போய்டுவேன். அன்னிக்கி முன்னால வண்டி இல்ல. தூரத்துல ஏதோ வீட்டு வெளக்குன்னு நெனச்சேன். அது அவன் சைக்கிள் வெளக்கு. அவன் ஓரமாத்தான் வந்துருக்கணும். அவன் எப்பவும் ஓரமாத்தான் வருவான்.”

மெடிங் வினிகர் பாட்டிலை மிக மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“ஒரு வருஷமா அவர் மேல கோபமா இருந்தேன்,” என்றாள். “சவப்பெட்டிகிட்ட நின்னு திட்டுனேன். ரோட்டப் பாத்து வரத் தெரியலையா, என்ன இப்படி விட்டுட்டுப் போய்ட்டியேன்னு. கல்லறைத் திருநாளுக்குக்கூட ஒரு மெழுகுவத்தி ஏத்தல. அவர் ஒரு தப்பும் பண்ணல. உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியல.”

ஜன்னல்களில் இருந்த முகங்கள் கொஞ்சம் உள்ளே போயின. எல்லாருக்கும் தெரியாது. ஆனால் டெல்ஃபின் இருட்டினால் வீட்டுப் படிகூடத் தடவித்தான் ஏறுவார் என்பது தெரியாதவர்களும் யாரும் இல்லை.

லூமிங் குடையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். மெடிங்கைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

“அவர் ஓட்டுனது என் கண்ணால மெடிங். அட்டையில இருந்ததெல்லாம் நான் பாத்தேன். ரோட்ல இருந்தவனையும் நான்தானே பாத்திருக்கணும். அவன் என் வீட்டுக்குத்தான் வருவான், வேற எங்க போவான்?” அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது; அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. “அந்தப் பரிட்சை டிரைவருக்குத் தொல்லை குடுக்க வச்சதுன்னு நெனச்சு, ஒரு உதவி செய்யறோம்னு நெனச்சு, இத்தன வருஷம் பண்ணிட்டேன். அது டிரைவருக்கு வச்சதே இல்ல. ரோட்ல ஓரமா வர்றவனுக்கு வச்சது. நாங்க குறுக்கு வழியில வாங்குன ஒவ்வொரு லைசன்சும் அப்படி ஒருத்தனோட உசுரத் தொட்டு வாங்குனது.”

டெல்ஃபின் ஜீப்னியின் சாவியை எடுத்து மெடிங்கிடம் நீட்டினார். “எனக்கு எதுக்கு உங்க சாவி,” என்றாள் அவள். “ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு வாங்க. எல்லார் முன்னாலயும் இதச் சொல்லுங்க. அவர் பேர அவருக்குத் திருப்பிக் குடுங்க. அதுக்கு முன்னாடி போலீஸ்ல போய்ச் சொல்லுங்க.”

இரண்டையும் அவர் செய்தார். போலீசுக்கு லூமிங் கூடப் போனாள், தன் பங்கையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்று சொல்லி முடித்தபோது தட்டில் கைவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்புறம் நெஸ்தோரின் பங்கு என்று தனியாக வைத்த தட்டில் மெடிங் முதல் கரண்டி சோற்றைப் போட்டாள். பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். நிறையவே சாப்பிட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டெல்ஃபினின் லைசன்ஸ் போய்விட்டது, வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஜீப்னியை மகள் கட்டிக்கொண்ட பையன் ஓட்டுகிறான். கல்யாணத்துக்கு முன்பே அவனை நகரத்து ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனைக்கு உட்கார வைத்தவள் லூமிங். ஞானத்தாய் என்றால் சும்மாவா என்று ரோசிங் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். கிளினிக்குக்குப் புதிதாக வர்ணம் அடித்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் வேறு யாரோ வேறு நிறத்தில் குடை விரித்திருக்கிறார்கள்.

லூமிங் தங்கையோடு இருக்க மலைப்பக்கம் போய்விட்டாள். அங்கே அந்திக்குப் பிறகு தெருவில் யாரும் எதுவும் விற்பதில்லையாம். மெடிங் மறு வருடம் ஒரு ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு லுசேனா என்ற ஊருக்குப் போனாள். போகிற வண்டியைத் தென்னந்தோப்பு வளைவில் நிறுத்தி, இறங்கி, ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். புதுப் புருஷன் காற்றுக்கு அணையாமல் கையைக் குவித்துப் பிடித்தார். அந்த இடத்தில் எங்கள் ஊர் ஜீப்னிகள் எல்லாம் இப்போது வேகத்தைக் குறைத்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகின்றன. உயிரோடு ஓரமாக வந்தபோது கண்ணில் படாத நெஸ்தோருக்கு, இப்போது எல்லோரும் வழிவிடுகிறார்கள்.