தலைவரின் வயிறு தட்டிய வருடம்

மலேசியாவின் கிள்ளானில் யுகேந்திரனின் வயிறு உள்ளிருந்து தட்டத் தொடங்கியது தைப்பூசம் முடிந்த வியாழக்கிழமை, காலை ஏழு பத்துக்கு. அன்று பாசாரில் மீன் விலையும் ஏறியிருந்தது. மூன்று தட்டு, சிறு இடைவெளி, மறுபடி மூன்று. மனைவி குமுதா முதல் நாள் வாசலைத் திறந்து பார்த்தாள். இரண்டாம் நாள் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

யுகேந்திரன் இனிப்புநீர் வெற்றியாளர் சங்கத்தின் ஆயுள்காலத் தலைவர். பதினைந்து வருடச் சர்க்கரை நோயாளி. ஐந்து மாதத்தில் பதினான்கு கிலோ குறைந்திருந்தார். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. சர்க்கரையும் தானாக இறங்கியது. இதை வெற்றி என்று ஏகமனதாகத் தீர்மானித்த சங்கம், காஜாங் வரை ஊர் ஊராக அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியது. பொன்னாடைக்குள் அவர் எவ்வளவு இளைத்தாலும் தெரியவில்லை. எல்லா மேடையிலும் வயிறு தட்டியது. எல்லா ஊரிலும் ஒலிபெருக்கிக்காரர் திட்டு வாங்கினார்.

"வயித்துக்குள்ள ஸ்கோப் விட்டுப் பாத்துடலாம்ங்க," என்றாள் குமுதா.

"சுகர் மாத்திரைக்கு வயிறு அப்படித்தான் லா. தலைவரே ஆஸ்பத்திரில படுத்தா சங்கத்து மானம் என்னாவுறது?"

"மானத்துக்கு இன்னும் எத்தன கிலோ வேணுமாம்?"

அவளே ஆஸ்பத்திரியில் தேதி வாங்கினாள், மதியம் இரண்டு மணிக்கு. அதே நாள் காலை பிரிக்பீல்ட்ஸில் அவருக்கு 'இனிப்புநீர் வென்ற வேந்தர்' பட்டம். ஜிப்பா மாட்டிக்கொண்டு பட்டத்துக்கே போனார். வாழ்த்துப்பாவின் ஆறாவது பத்தியில் வயிறு தட்டிய தட்டில் மண்டபத்தின் நான்கு கதவுகளும் திறந்துகொண்டன. குமுதா மேடையேறி அவர் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இன்னும் பட்டம் குடுக்கல!" என்று பதறினார் செயலாளர்.

"ஆளு திரும்பி வந்தா வாங்கிக்குவாரு."

மாலையோடு காரில் ஏற்றினாள். சோதனையில் வயிற்றுப் புற்றுநோய் தெரிந்தது, முற்றவில்லை.

"சுகர் உள்ளவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா வருதுன்னு சில ஆய்வு சொல்லுது, அங்கிள்," என்றார் டாக்டர் ராஜினி. "அதுதான் காரணம்னு யாரும் உறுதியா சொல்லல. ஆனா எடை தானா குறைஞ்சா, பசி போனா, பழிய சுகர் மேல போட்டுட்டு இருந்துடக்கூடாது."

முக்கால் வயிற்றை எடுத்தார்கள். தட்டல் நின்றது. கால் வயிற்றோடு தலைவர் எழுந்து நடமாட ஏழு மாதம் ஆயிற்று.

இப்போது சங்கக் கூட்டங்களில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் இரண்டு நிமிடம் மௌனம். யாருக்கும் அஞ்சலி இல்லை. அவரவர் வயிற்றை அவரவர் கேட்கிறார்கள். சென்ற மாதம் பொருளாளர் சபாபதியின் வயிறு தட்டியது. சங்க வரலாற்றில் முதன்முறையாக நன்றியுரை இல்லாமல் கூட்டம் கலைந்தது. நன்றி சொல்ல வேண்டியவர்தான் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.