நீலச் சட்டைக்காரி

கல்லூரி விடுதிக்கு வந்த நாளிலிருந்து அம்மாவிடம் நான் அளக்கும் கதை ஒன்றுதான்: எனக்கு ஏகப்பட்ட தோழிகள். அன்றும் சாப்பாட்டறையில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா வீடியோ காலில் வந்தாள். வாய் சும்மா இருக்கிறதா? பக்கத்து மேசைக்குப் போனைத் திருப்பி, "இவங்கதாம்மா என் செட்டு" என்றேன்.

"அந்த நீலச் சட்டைப் பொண்ணுகிட்ட குடு."

முன்பின் தெரியாதவளிடம் போனை நீட்டினேன். அம்மா குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கண்ணு, உனக்கு இவளத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். பொய் சொன்னா மூக்கத் தடவுவா. கொஞ்சம் இவகூட உக்காந்து சாப்பிடும்மா."

என் மானம் கப்பலேறியது. நீலச் சட்டைக்காரி தன் தட்டோடு வந்து எதிரே அமர்ந்தாள். நான் எழுந்தேன்.

"கிளாஸுக்கு நேரமாச்சு."

"மூக்குலேர்ந்து கைய எடுத்துட்டுச் சொல்லு" என்றாள்.