கர்னலுக்கு ஆங்கிலப் பரீட்சை

கர்னல் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

பச்சைமுத்து கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் அருகில் தள்ளினார். கறியும் சோறும் கமகமத்தன. நாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"துன்னுடா" என்றார். கர்னல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அதுக்கு இங்கிலீஷ்ல சொல்லணும்யா. உனுக்கு எங்க வரும்?" என்றாள் அவர் மனைவி லட்சுமம்மா.

விஷயம் இதுதான். ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாவின் சொந்தக்காரி மிஸஸ் பிரிட்சர்ட் 1952-இல் சீமைக்குக் கப்பலேறினாள். நாயை விட்டுப் போனாள். கூடவே ஒரு பத்திரத்தையும் எழுதி வைத்துப் போனாள். கர்னலிடம் ஆங்கிலம் தவிர வேறு பாஷை பேசக்கூடாது. வருஷம் ஒருமுறை வக்கீல் ஸ்ரீகண்டன் நேரில் வந்து நாயைச் சோதிப்பார். நாய் தேறினால் வேலைக்காரர்கள் பின்கட்டு வீடுகளில் குடியிருக்கலாம். தேறாவிட்டால் அன்றே காலி.

நாலு வருஷம் பட்லர் ஓஸ்வால்ட் இருந்தான், கவலை இல்லை. முந்தாநாள் அவன் மகளோடு இருக்கிறேன் என்று கோலார் தங்கவயலுக்கு ரயிலேறிவிட்டான். நாய் தோட்டக்காரர் பச்சைமுத்து தலையில் விழுந்தது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் 'எஸ் சார்' ஒன்றுதான். இருபது வருஷமாகக் குடியிருக்கும் வீடு. வக்கீல் வர நாற்பதே நாள்.

அன்று மாலையே ஜீவனஹள்ளி புத்த சங்கத்து ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தார். தனியே விட்டால் ஊளையிடும் என்பதால் கர்னலையும் கூட்டிப் போனார்.

சொல்லிக்கொடுத்தவள் பாமா. பகலில் டெலிபோன் ஆபீஸ், மாலையில் சங்கம். வயது இருபத்திரண்டு. அவள் முறை ஒன்றேதான். முதலில் எழுத்தின் ஓசை, பிறகு வார்த்தை, உடனே அர்த்தம். வகுப்பே கூரை அதிரத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"ப்... ப்... பேட். பேட்னா மட்டை."

"பேட்னா மட்டை" என்றார்கள் முப்பது பேர்.

"ஈட். ஈட்னா சாப்பிடு."

"ஈட்னா சாப்பிடு."

கர்னல் எழுந்தது. பக்கத்தில் இருந்த பஸ் கண்டக்டர் இளங்கோவனின் பன்னை ஒரே வாயில் விழுங்கியது.

"டீச்சர், என் பன்னு" என்றான் இளங்கோவன்.

"அவன் பாடம் கேட்டான், நீ கேக்கல" என்றாள் பாமா. வருகைப் பதிவில் கர்னலின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. 'திஸ் இஸ் எ டாக்' என்ற வாக்கியத்தன்று முப்பது விரல்கள் தன்னை நோக்கி நீண்டதில் கர்னலுக்குக் கொஞ்சம் வருத்தம். 'தி' என்ற ஓசை வந்த நாளில் அதன் மதிப்பு உயர்ந்தது.

"அண்ணே, நாக்கை நல்லா வெளிய நீட்டுங்க. கர்னலைப் பாருங்க, எவ்ளோ சுளுவா நீட்டுது" என்றாள் பாமா. ஐம்பத்தைந்து வயதில் பச்சைமுத்து நாயைப் பார்த்து நாக்கை நீட்டினார்.

வீட்டிலும் அதே பாடம்தான். நாயிடம் தமிழ் பேசக்கூடாதே என்று உறுத்தியது. பாடத்தைச் சத்தமாகப் படிப்பது பேச்சில் சேராது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கர்னல் மூன்று வேளையும் சாப்பிட்டுக் கொழுத்தது.

நாற்பதாம் நாள், மாலை நாலு மணி. வாசலில் கார் வந்து நின்றது. ஸ்ரீகண்டன் பத்திரத்தோடு வராந்தா நாற்காலியில் அமர்ந்தார். பேனாவின் மூடியைத் திறந்தார்.

"கர்னல், சிட்."

நாய் நின்றது. வக்கீலின் வாயையே மரியாதையாகப் பார்த்தது.

"சிட் டௌன்."

நின்றது. காது மட்டும் ஒரு முறை ஆடியது.

பச்சைமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. வகுப்புப் பழக்கத்தில் கர்னல் அர்த்தத்துக்காகக் காத்திருக்கிறது. அர்த்தம் சொன்னால் நாயிடம் தமிழ் பேசிய குற்றம். சொல்லாவிட்டால் நாய் ஃபெயில். எப்படிப் போனாலும் வீடு காலி. உள்ளே லட்சுமம்மா துணிமணியை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

வக்கீலின் பேனா காகிதத்தைத் தொட்டது.

"சிட்னா உட்காரு" என்றார் பச்சைமுத்து.

கர்னல் டக்கென்று உட்கார்ந்தது.

ஸ்ரீகண்டன் மெல்ல நிமிர்ந்தார். "என்னய்யா, நாய்கிட்ட தமிழ் பேசறே?"

"நாய்கிட்ட பேசலீங்க சாமி."

"பின்னே?"

"உங்களுக்குத்தான் அர்த்தம் சொன்னேன்."

"எனக்கா? நான் பி.ஏ., பி.எல். தெரியுமோல்லியோ?"

"தெரியுங்க. இருந்தாலும் சொல்லிட்டா நல்லதுன்னு."

வக்கீலின் முகம் சிவந்தது. பத்திரத்தைப் பிரித்து அந்த நிபந்தனையைப் படித்தார். அதற்கு அடுத்த வரியையும் படித்தார். நாய் தேறாவிட்டால் வக்கீலே அதைத் தம் வீட்டில் வைத்துப் பராமரிக்க வேண்டுமாம். ஸ்ரீகண்டன் கண்ணை மூடிக்கொண்டார். மடி ஆசாரம் பார்க்கும் மனைவி ஜகதாம்பாள், அவள் பூஜை அறை, அதன் வாசற்படியில் கால் நீட்டிப் படுத்திருக்கும் கர்னல்.

கண்ணைத் திறந்தபோது குரல் தணிந்திருந்தது.

"கம் ஹியர்" என்றார் நாயைப் பார்த்து. பிறகு பச்சைமுத்து பக்கம் திரும்பினார். "ம், அர்த்தம் சொல்லு. எனக்கு."

"கம் ஹியர்னா இங்க வா."

கர்னல் எழுந்து போய் வக்கீலின் முழங்காலில் தலையை வைத்தது.

இன்னும் ஆறு கட்டளைகள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் பி.ஏ., பி.எல். அடக்கமாக அர்த்தம் கேட்டுக்கொண்டார். பிறகு சீமைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை அங்கேயே எழுதி, மை உலர ஊதினார்.

'நாய் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றது. சோதித்த வக்கீலுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.'