நூல் கட்டிய குழாய்

சலவைக்கடைக்காரிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் பச்சை நூலால் முடிச்சுப் போட்டு வைப்பாள். துணி மாறிப்போச்சு என்று எவனும் வந்து நிற்கக் கூடாது பாருங்கள். அப்பேர்ப்பட்டவளிடம் டாக்டரம்மா, "உங்க ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தி, தெளிஞ்சு வர்ற பிளாஸ்மாவை உங்க முட்டியிலயே போடுவோம்" என்றால் சும்மா விடுவாளா?

"போட்டா சரியாயிடுமா?"

"தேய்ஞ்சது வளராதும்மா. வலி குறையலாம். சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கலை."

இவளுக்கே நிச்சயமில்லை, என் காலில் ஒத்திகை பார்க்கிறாள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். ஆனால் வேறு வழி? இஸ்திரி மேசை முன்னால் நிற்க முடியாவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஊசிக்கு முன்னால் ஒரு வாரத்துக்கு வலி மாத்திரை கூடாது, போட்டால் ஊசி பலிக்காமல் போகலாம் என்றதற்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையை வீட்டுக்காரரிடம் கொடுத்து, "என் கண்ணுல படாம வைங்க" என்றாள். அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் மனுஷன்.

ஊசி நாளன்று, தன் ரத்தம் எடுத்த சின்னக் குழாயில் பச்சை நூலைக் கட்டிவிட்டுத்தான் நர்ஸிடம் கொடுத்தாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். சிவப்பாகப் போனது, மேலே மஞ்சளாகத் தெளிந்து வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் போட்ட முடிச்சேதான்.

"மாத்திரை எதுவும் போடலைல்ல?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தொடவே இல்ல. வலியும் முன்ன மாதிரி இல்ல. இந்த ஊசியே எதுக்குன்னு இருக்கு."

டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுத்தார்.

"போடாதீங்க!" என்றார் மூலையில் நின்ற வீட்டுக்காரர். காது இரண்டும் சிவந்திருந்தன. "தினம் பால்ல பொடிச்சுப் போட்டுக் குடுத்தேன். வலியில முனகிட்டே கெடந்தா. என்னால கேட்டுட்டு இருக்க முடியல."

"இன்னிக்கு வேண்டாம். இன்னொரு வாரம் மாத்திரை இல்லாம இருந்துட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. பச்சை நூலோடு குழாய் குப்பைக்குப் போனது.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் படியிறங்க அவர் தோளைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்று அவர் பாலைக் கொண்டுவந்து நீட்டியபோது, "முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க" என்றாள். அவர் குடித்தார். அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மிச்சத்தைக் குடித்தாள். படுத்ததும் வலி வந்தது. அவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று தலையணையைக் கடித்துக்கொண்டாள்.