துணைக்கு ஒரு கோழி

“ஒலகத்துல ரெண்டே ரெண்டுதான் நெசம். ஒண்ணு வெர்னியர், இன்னொண்ணு மைக்ரோமீட்டர். மத்ததெல்லாம் மனுசன் பயந்துபோய்க் கட்டிவிட்ட கதை” என்றான் மகாராஜா. அப்போது அவன் தன் அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சின் காலுக்கடியில் இன்னொரு செங்கலைத் தள்ளிக்கொண்டிருந்தான். கூடத்தில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் தரப் பரிசோதகன். அந்த இரண்டு கருவியாலும் அளந்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ‘ரிஜெக்ட்’ என்று சிவப்பு மை வைக்கிற கை அது. அந்தக் கையோடு வாதாடி ஜெயித்தவர் சேரப்பணஞ்சேரியில் கிடையாது.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்து அவன் மனைவி கவியா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது பேறுமாதம். பிள்ளைத்தாய்ச்சி பிணத்தின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மாமியார் செல்வலட்சுமி விடிந்ததுமே அவளை மேலே ஏற்றிவிட்டாள். அங்கே ஏற்கெனவே ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டிக்குள் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆக, இடத்தை விட்டு அசையக் கூடாதவர்கள் மாடியில் இரண்டு பேர்.

கோழி மாமனாருடையது. மகன் வேலைக்கு வந்த ஊருக்கே பின்னால் வந்து, ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்தவர் ஆறுமுகநயினார். திருநெல்வேலிப் பக்கத்தை விட்டு வந்தாலும் கோழியை விட்டு வரவில்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் அவருக்கு வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். கூண்டின் தரையில் சாம்பலும் சுண்ணாம்பும் தூவுவார். சாரல் அடிக்கிற பக்கம் சாக்கு கட்டுவார். ஈரத் தரைதான் கோழிக்கு எமன் என்பார். ஒரு கோழி மூக்கடைத்து நின்றால் போதும், மிளகும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் இடித்து உருட்டி, அலகைப் பிளந்து ஊட்டுவார். அவர் இருமலுக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போட நாலு நாள் ஆகும். ஷிப்ட் முடிந்து வந்த மகாராஜா ஒருநாள் அந்த மருந்து உருண்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதற்கு டாலரன்ஸ் எவ்வளவு, எத்தனை மில்லி கூடலாம் குறையலாம் என்று கேட்டான். அவர் அதைப் பிடுங்கிக் கோழியின் அலகுக்குள் தள்ளினார். கோழி விழுங்கிவிட்டது.

செம்பரம்பாக்கம் நிரம்பினால் டிவி முழுக்கச் செய்தி. சேரப்பணஞ்சேரி ஏரி நிரம்பினால் தண்ணீரே வீட்டுக்குள் வந்துதான் சேதி சொல்லும். புதன்கிழமை சொன்னது. ஆறுமுகநயினார் கொல்லைப் பள்ளத்தில், கூண்டருகே இடுப்பளவு தண்ணீரில் நின்று கோழிகளை ஒவ்வொன்றாக மாடிக்குக் கொடுத்தார். கவியா வாங்கி வாங்கி வைத்தாள். குளிரில் வெடவெடத்து, மறுநாளைக்குள் அவை ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தொங்கப்போட்டன. தொட்டியோடும் முட்டையோடும் தூக்கிய அடைக்கோழி ஒன்றுதான் மிஞ்சியது. வெள்ளிக்கிழமை அவருக்கு மூச்சில் விசிலடித்தது. படப்பை ரோட்டில் ஆறு ஓடுகிறது, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க முடியும் என்றார் ஆம்புலன்ஸ்காரர். டிராக்டர் பிடித்து வாசலில் நிறுத்தியபோது சனிக்கிழமை விடிந்திருந்தது. ஏற்றுவதற்கு அவர் இல்லை.

இப்போது கீழே பேச்சு, இன்று சனிக்கிழமை என்பதைப் பற்றித்தான். பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தணிகாசலம்தான் ஆரம்பித்தார்.

“சனிப்பொணம் தனியா போவாது தம்பி. தொணைக்கு ஒரு கோழி கட்டி உட்ரணும். மாசமா கீற பொண்ணு வூட்ல கீது.”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார்கள். கவியா முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள். மூடுகிற அளவில் அது இல்லை.

எமனுக்குச் சனிக்கிழமை ஓவர்டைம் போட்டிருக்கிறார்களா, ஒன்று எடுத்தால் ஒன்று இலவசமா என்று மகாராஜா கேட்டான். கறிக்கடைக்குப் போன் போட்டார்கள். லாரி வரவில்லை, ஃப்ரீசரில்தான் இருக்கிறது, வேண்டுமானால் முழுசாகவே தருகிறேன் என்றார் கடைக்காரர். உயிரோடு இருக்க வேண்டும் என்று அவருக்கு விளக்குவதற்குள் போன் சார்ஜ் தீர்ந்தது. கோழி கிடைக்காவிட்டால் தேங்காய் கட்டலாம் என்றது ஒரு குரல். அழுதுகொண்டிருந்த செல்வலட்சுமி மூக்கைத் துடைத்துக்கொண்டு, கறி தின்கிற வீட்டுக்குத் தேங்காயா, போகிறவருக்கே அது அடுக்குமா என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“எய்யா, மேல ஒண்ணு இருக்குல்லா.”

“அதுக்காகத் தண்ணிக்குள்ள நின்னுதான் அப்பா போனாரு. அதையே கால்மாட்டுல கட்டி அனுப்பச் சொல்லுதியா?” மகாராஜா செங்கல் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “கோழியும் கட்ட மாட்டேன், தேங்காயும் கட்ட மாட்டேன். இந்த வீட்டுல அடுத்து யாரும் சாவ மாட்டாவ.”

கடைசி வாக்கியத்தை அவன் ‘ஓகே’ முத்திரை குத்துகிற தோரணையில் சொன்னான். கல்யாணமான நாளாக அவனுடைய முழக்கங்களைக் கேட்டுத் தலையணைக்குள் சிரிக்கிறவள்தான் கவியா. இன்று சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சனிப்பிணத்துப் பேச்சை நம்பாமல் இருக்க அவளால் முடியாது. அவள் ஊரில் ஒரு சனிக்கிழமைச் சாவுக்குப் பின்னாலேயே இன்னொன்று போனதை அவளே பார்த்திருக்கிறாள். அவளுக்காகவும் சேர்த்து நம்பாமல் இருக்க வீட்டில் ஒருத்தன் இருந்தான், அதுதான் தெம்பு.

விடிந்ததிலிருந்து அவளுக்கு இடுப்பில் ஒரு வலி வருவதும் போவதுமாக இருந்தது. சொன்னால் அத்தனை பேரும் கோழிக்குப் படியேறி வருவார்கள். அதனால் சொல்லவில்லை. கோழி கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, இமையை மட்டும் மூடித் திறந்தது.

பாடை கட்டி முடித்தார்கள். கொள்ளிப் பானையோடு போக வேண்டிய மகாராஜா, காய்ந்த வேட்டி எடுக்க மேலே வந்தான். கவியா படிக்கட்டின் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து நின்றான். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

“எப்பருந்து?”

“காலையிலருந்து.”

“சொல்லலாம்லா.”

அவள் தொட்டியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வலி வந்து போனதும் மறுபடி பார்த்தான். இரண்டு வலிக்கும் இடையே எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டான்.

அதற்கப்புறம் அவன் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆம்புலன்ஸுக்குப் பேசினான்; அதே மெயின் ரோடு, அதே அந்தப் பக்கம். டிராக்டர்காரரைக் கீழே போய்க் கேட்டான். படப்பை ரோட்டில் இப்போது சைலன்சர் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, ஒரு சாண் இறங்கட்டும், உடனே எடுத்துவிடலாம் என்றார். டிரெய்லரில் மெத்தை போடச் சொன்னான். தார்ப்பாய் கட்டச் சொன்னான். தணிகாசலத்தின் மனைவி செந்தாமரையைக் கவியாவோடு போகச் சொன்னான். அப்பாவை முடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று திரும்ப மேலே வந்து கவியாவிடம் சொன்னான். ஒவ்வொன்றும் கம்பெனியில் ஷிப்ட் ஒப்படைக்கிற மாதிரி வரிசையாக இருந்தது. அவளுக்கு வலி கூடக் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது.

கீழே சங்கு ஊதினார்கள். அவன் போகவில்லை.

தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு அவன் புறங்கையைக் கொத்தியது. ரத்தம் வந்தது. கையை எடுக்கவில்லை. இன்னொரு கையை அடியில் கொடுத்து, முட்டை உடையாமல் மெதுவாகத் தூக்கினான்.

“அம்மா மனசுக்காகத்தான்” என்றான், கோழியைப் பார்த்து.

அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது. தொட்டியைத் தன் பக்கம் இழுத்துச் சேலைத் தலைப்பை முட்டைகள் மேல் போட்டாள். கை வைத்த இடம் கொதித்தது. பிறகு கம்பியைப் பிடித்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

மழை விடவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீரில் நாலு பேர் பாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் வெற்றுடம்போடு தண்ணீரில் இறங்கினான். கோழியின் தலை நனையாதபடி உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான். செல்வலட்சுமி வாசலில் முதுகைக் காட்டிச் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவன் வந்ததை அவள் பார்க்கவே இல்லை. தணிகாசலம் ஒன்றும் கேட்காமல் கயிற்றை நீட்டினார்.

அவன் கால்மாட்டு மூங்கிலில் கோழியைக் கட்டினான். அவிழ்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். அவிழவில்லை. மேலே இன்னொரு முடிச்சுப் போட்டான்.