கிணற்றுப் படமா, லாரிப் படமா?

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்த பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது. அவர் பாதியில் இறங்கிவிட்டதால் மீதியை நானே எழுத வேண்டியதாயிற்று. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் எங்காவது இடறினால் பழியை அவர் தலையில் போட்டுவிடலாம்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"இசைவாணி மைக்கைப் பிடித்தபோது முதல் வரிசையில் அவள் அம்மா..." வேண்டாம். அம்மா உட்கார்ந்திருந்தது பெண்கள் பக்கம் நாலாவது வரிசை.

"தமிழர் வாழ்வில் சினிமா என்பது..." எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.

"பொங்கலுக்கு மறுநாள், சாயங்காலம் ஐந்து மணி, பட்டிமன்றம்." இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

அந்த வருடம் பெரிய சினிமா விருது ஒன்றின் கடைசிப் பட்டியலில் ஐந்து படங்கள் இருந்தன. அதில் இரண்டு தமிழ்ப் படங்கள். முடிவு வர இன்னும் ஒரு வாரம். வல்லத்திராக்கோட்டை டீக்கடையில் இதே பேச்சு, பம்புசெட்டில் இதே பேச்சு. பொங்கல் விழாக் கமிட்டித் தலைவர் செபமாலை பார்த்தார், இந்தச் சண்டையை மேடையேற்றிவிட்டால் கூட்டத்துக்குப் பஞ்சம் இருக்காது என்று முடிவு செய்தார். "அந்தப் பெரிய விருதுக்குத் தகுதியான படம் எது?" பட்டிமன்றத் தலைப்பு பேனரில் ஏறிவிட்டது.

(விருதின் பெயரை எழுத மாட்டேன். படங்களின் பெயரையும் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள், கதை அம்போ. ஊரிலும் யாரும் பெயர் சொல்வதில்லை. ஒன்று கிணற்றுப் படம், இன்னொன்று லாரிப் படம்.)

2

கிணற்றுப் படம் கொடும்பாளூர்ப் பக்கம் எடுத்தது. தூர் வார இறங்கியவன் மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறான். இரண்டு நாள் ஊரே மேலே நின்று காத்திருக்கிறது. அந்த ஊராக நிற்பதற்கு வல்லத்திராக்கோட்டையிலிருந்து இரண்டு வேன் வைத்து ஆள் கூட்டிப் போனார்கள். இசைவாணியின் அம்மா முத்துமாரியம்மாளும் கடலைக் காட்டு வேலையை விட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாவது நாள் உதவி இயக்குநர் ஒருவன் கூட்டத்தில் அவளைக் கைகாட்டி ஒரு வசனம் கொடுத்தான். கிணற்று மேட்டுக்கு நடந்து வரவேண்டும், எட்டிப் பார்க்கவேண்டும், "சோறு எறக்குனா திம்பானா?" என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

இசைவாணி போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறாள், பதினோரு விநாடி. அம்மா நடந்து வருகிறாள். மேடு ஏறியதும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டிப் பார்க்கிறாள். உடனே கேட்பதில்லை. ஒரு நொடி உள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு கேட்கிறாள், பக்கத்தில் நிற்பவர்களிடம் அல்ல, கிணற்றிடமே. தியேட்டரில் அந்த இடம் வந்தபோது ஊர்க்காரர்கள் அடித்த விசிலில் வசனம் ஒருவர் காதிலும் விழவில்லை.

லாரிப் படத்தில் கணவனுக்குக் கண் மங்கிவிடுகிறது. பெண்டாட்டி லாரி ஓட்டப் பழகி, ஒரு லோடு வெங்காயத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறாள். கதை முடிந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று இசைவாணி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, கியர் போடும் கையையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

3

இசைவாணிக்கு இருபத்தேழு வயது. புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை. கல்லூரியில் பட்டிமன்றம் பேசிக் கோப்பை கோப்பையாக வாங்கியவள். கமிட்டி அவளைக் கேட்காமலேயே அவள் பெயரைக் கிணற்றுப் பக்கம் எழுதி வைத்திருந்தது. அவள் போய் அதை அடித்துவிடச் சொல்லி லாரிப் பக்கம் எழுத வைத்தாள். செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

"அந்த லாரியிலயா நான் வாரேன்?" என்றாள் அம்மா. குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. ஆனா அதுதான் நல்ல படம்."

"ஊரே கிணத்துக்குப் பேசுது. நீ அங்கிட்டுப் போயி நின்னா என்னய என்னன்னு கேப்பாளுக?"

"அப்ப மேடையில ஏறிப் பொய் பேசச் சொல்றியா?"

"நான் ஒண்ணுஞ் சொல்லல ஆத்தா. ஒன் வாயி, ஒன் மைக்கு."

அதோடு சரி. அடுத்த இரண்டு நாள் தட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. கிணற்றுப் பக்கமே மாறிவிடலாமா என்று இசைவாணி நூறு தடவை நினைத்தாள்.

இங்கே எனக்கு இவள் மேல் ஒரு சந்தேகம். இவள் உண்மைக்காக நிற்கிறாளா, இல்லை ஊர் ஒரு பக்கம் நின்றால் தான் மறு பக்கம் நின்று பார்க்கவேண்டும் என்ற வீம்பா? முதல் பிரதியில் இவளைச் சத்தியத்தின் திருவுருவமாக எழுதியிருந்தேன். படிக்கச் சகிக்கவில்லை, கிழித்துவிட்டேன். இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் அவளுக்கு உயிராகப் பிடித்திருந்தது, ஜெயிக்கவும் பிடிக்கும்.

4

ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் பேசினார்கள். மற்ற நாலு பேரும் மன்னிக்கவேண்டும், கதையில் இடமில்லை. கிணற்றுப் பக்கம் பெலிக்ஸ், லாரிப் பக்கம் இசைவாணி, இவர்கள் போதும். பெலிக்ஸ் செல்போன் கடை வைத்திருக்கிறான். மைக் இல்லாவிட்டாலும் அடுத்த ஊருக்குக் கேட்கும் குரல்.

"நடுவர் அவர்களே! நம்ம மூஞ்சி எப்பங்க திரையில வந்துச்சு? வந்தா அடியாளா வரும். இல்லாட்டி தேர்க் கூட்டத்துல புள்ளியா வரும். இந்தப் படத்துலதாங்க நம்ம மூஞ்சி மூஞ்சியா வந்துச்சு! நம்ம முத்துமாரியக்கா மூஞ்சி வீடு ஒசரத்துக்கு வந்துச்சு! இதுக்குக் குடுக்காத விருது என்னங்க விருது?"

விசில் காதைக் கிழித்தது. நாலாவது வரிசையை ஊரே திரும்பிப் பார்த்தது. முத்துமாரியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நல்லாப் பேசுறானே பாவி என்று இசைவாணி நினைத்தாள். கையில் எழுதி வைத்திருந்த குறிப்பு அத்தனையும் சப்பென்று போய்விட்டது. சீட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"பெலிக்ஸ் அண்ணே, நம்ம மூஞ்சிங்கிறதுக்காகக் குடுத்தா அது விருது இல்லண்ணே. ஆதார் கார்டு."

பந்தல் சிரிப்பில் வெடித்தது. பெலிக்ஸே சிரித்துவிட்டான். அவளுக்குள் ஏதோ திறந்துகொண்டது. இரண்டு நாள் தயக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் பறந்தாள்.

"கிணத்துப் படத்துல ஆளுக அழுவுறாக. மழை அழுவுது. மியூசிக் அழுவுது. எல்லாத்தையும் அவுகளே அழுதுட்டா நான் எதுக்குங்க டிக்கெட் எடுத்துட்டுப் போறேன்? லாரிப் படத்துல அந்தப் பொம்பள ஒரு எடத்துலகூட அழுவல. நடுரோட்டுல தனியா டயர் மாத்துறா. மாத்திட்டுக் கையத் தொடைக்கிறா. நான் அழுதேங்க! எனக்குன்னு ஒரு வேல வச்சிருந்தான் அந்த டைரக்டரு!"

"ஒங்க அம்மா நடிச்ச படத்த நீயே கவுக்குறியே!" ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"எங்க அம்மாவப் பத்திப் பேச மாட்டேன். தலைப்பு படத்தப் பத்தி." சொல்லும்போது அவள் நாலாவது வரிசையைப் பார்க்கவில்லை. ட்யூப் லைட்டைப் பார்த்துச் சொன்னாள்.

பெலிக்ஸ் விடுவானா? "அந்த லாரிப் படத்துக்காரன் நம்ம பக்கம் எட்டியாச்சும் பாத்துருக்கானா?"

"அவன் வரலண்ணே, லாரி வந்துச்சு. ஒங்க வீட்டு வெங்காயம் எதுல வந்துச்சு?"

பின்னால் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டி, நாற்காலிக் கால் உடைந்து, விழுந்தும் தட்டினார். இளவட்டங்கள் "லாரி! லாரி!" என்று கிளம்ப, பெண்கள் பக்கம் "கிணறு!" என்று பதிலுக்கு எழும்ப, செபமாலை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் ஓடினார். நான் எத்தனையோ பட்டிமன்றம் பார்த்தவன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

(பார்த்தவன் என்று எழுதிவிட்டேன். சரி, போகட்டும். எப்படியும் அடுத்த பகுதியில் சொல்லத்தானே வேண்டும்.)

5

நடுவர் எழுந்தார். பட்டிமன்றத் தீர்ப்பு எப்படி வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அன்று தொடக்கத்திலேயே அவர், "இன்னைக்கு மழுப்பல் கிடையாது, ஒரு பக்கம்தான் தீர்ப்பு" என்று கைதட்டல் வாங்கியிருந்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இசைவாணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"கிணறு ஆழம், லாரி நீளம்" என்றார் நடுவர். "வாழ்க்கைக்கு ஆழமும் வேண்டும், நீளமும் வேண்டும். ஆகவே விருதை இரண்டு படங்களுக்கும் பகிர்ந்தளிக்குமாறு..."

கைதட்டினார்கள். சால்வை வந்தது. இசைவாணி எழுந்து மைக்கைக் கையில் எடுத்தாள்.

"ஐயா, ஒரு நிமிசம். நான் எங்க அம்மாவ உக்கார வச்சுக்கிட்டு, அவங்க நடிச்ச படம் வேணாம்னு பேசியிருக்கேன். ரெண்டு நாளா எங்க வீட்டுல பேச்சு வார்த்த இல்ல. ரெண்டும் நல்லாருக்குன்னு நீங்க சொன்னா, நான் எதுக்குங்க பேசுனேன்? நான் தோத்துட்டேன்னாச்சும் சொல்லுங்க. வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

குரல் கடைசியில் உடைந்துவிட்டது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கடைசி பஸ் என்று எதையோ முனகினார். செபமாலை, "எறங்குத்தா, கலைநிகழ்ச்சிக்கு நேரமாச்சு" என்றார். மைக்செட்காரர் பாட்டைப் போட்டுவிட்டார். முத்துமாரியம்மாள் நாலாவது வரிசையிலிருந்து எழுந்து மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். நடுவர் பந்தலின் பின்பக்கமாக வெளியேறினார்.

பக்கத்து சீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லை. அந்த நடுவர் நான்தான். அப்போது ஆறரை மணி. கடைசி பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

மேடை ஏறுமுன் செபமாலை என் காதில், "ஊரு கிணத்துப் பக்கங்க, பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னார். பழியை அவர் மேல் போட முடியாது. வெங்காயத்திலேயே நான் லாரிப் பக்கம் சாய்ந்துவிட்டேன். தீர்ப்பை மனதில் எழுதியும் விட்டேன். எழுந்தபோது நாலாவது வரிசை கண்ணில் பட்டது. அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு நேராக என்னால் சொல்ல முடியவில்லை. அவளுடைய மகள் சொன்னாள், எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

6

மேடையை நோக்கி வந்த அம்மாள் மகளிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் முடிவுகளை இட்டுக்கட்டினேன்.

முடிவு ஒன்று: அம்மா மகளைக் கட்டிக்கொண்டு, "நீ பேசுனதுதாந்தா சரி" என்கிறாள். இது எனக்கு நானே போட்டுக்கொள்ளும் சால்வை. வேண்டாம்.

முடிவு இரண்டு: அம்மா எதுவும் பேசாமல் மகளைத் தாண்டிப் போய்விடுகிறாள். மனதை உலுக்கும்தான். ஆனால் புளி கரைத்துக்கொண்டே அந்தக் கேள்வி கேட்டவள் மேடை வரை எழுந்து வந்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள் இல்லை.

முடிவு மூன்று, இது நடந்தது: விருது இரண்டு படத்துக்குமே கிடைக்கவில்லை. வேறு மொழிப் படம் ஒன்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. வல்லத்திராக்கோட்டையில் இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து அந்த விருதுக் குழுவைத் திட்டித் தீர்த்தன. நல்ல முடிவுதான். ஆனால் இதோடு நிறுத்தினால் நான் மறுபடியும் பின்பக்கமாகத் தப்பித்துவிடுவேன்.

கடைசியில் பெலிக்ஸிடம் நம்பர் வாங்கி இசைவாணிக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. இந்தக் கதையில் அவள் மனதுக்குள் நடந்ததாக நான் எழுதியதில் பாதி அப்போது அவள் சொன்னது. மீதி என் கைச்சரக்கு. எல்லாம் பேசிவிட்டு, அன்றைக்கு அம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டேன்.

"மொத நீங்க தீர்ப்பச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்" என்றாள்.

"லாரிப் படம்தாம்மா. சந்தேகமே இல்லை."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"இத எங்கிட்டச் சொல்லி என்னங்கய்யா ஆகப்போவுது? இருங்க. அம்மா! இங்கிட்டு வா. நடுவர் பேசுறாரு."

போன் கை மாறியது. "சொல்லுங்க" என்றாள் முத்துமாரியம்மாள்.

ஐம்பத்தெட்டு வயதில், நாலு புத்தகம் போட்டவனுக்கு, ஒரு வாக்கியம் வர இவ்வளவு நேரமா? "அம்மா, அன்னைக்கு நான் ஓடி வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க. என் தீர்ப்பு லாரிப் படம்தாங்க. கிணற்றுப் படம் இல்லைங்க."

"சரிங்க. அத எம் மவ அன்னைக்கே சொல்லிட்டாளே" என்றாள். கோபம் இல்லை. பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "நான் கேக்க நெனச்சது வேறங்க. அன்னைக்கு மேடைக்கு வந்ததும் அதுக்குத்தான், நீங்க கெளம்பிட்டீக. அம்புட்டு நேரம் அம்புட்டுப் பேரும் கத்துனீக. நம்ம மூஞ்சின்னீக, மியூசிக்குன்னீக, வெங்காயம்னீக. நான் எப்புடி நடிச்சேன்னு ஒருத்தராச்சும் சொன்னீகளா? எம் மவளும் சொல்லல. நல்லா நடிச்சேனா, இல்லையாங்க?"

பின்னால் இசைவாணி எதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் என் பதிலைச் சொல்லிவிட்டேன். பகிர்ந்தளிக்கவெல்லாம் இல்லை, ஒரே வார்த்தையில் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பதினோரு விநாடியை ஒன்று விடாமல் உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். இந்தாருங்கள், போனைப் பிடியுங்கள். லைனில்தான் இருக்கிறாள். சொல்லுங்கள்.